செத்தவனுக்குப் பதினாறு நாள், பிழைத்தவனுக்கு?

நம் நாட்டில் ஒரு மனிதன் செத்துப்போனால் அவனை விசாரிப்பதற்கு நாள் குறித்து வைத்திருக்கின்றார்கள். மூன்றாம் நாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி, மாதந்தோறும் அமாவாசை, வருஷம் முடிந்ததும் திவசம். நாள் சொல்லப் புரோகிதர் தயாராயிருக்கின்றார். பந்துக்கள் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி வருகின்றார்கள். கடன் வாங்கியாவது சோறு போடுகின்றார்கள். இவ்வளவாலும் செத்தவனுக்கு இம்மியளவு பயனுண்டா என்றால், கிடையாது. அவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

ஆனால், சாகத் துணிந்து, எப்படியோ பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஒருவனை விசாரிப்பதற்கு நம் பஞ்சாங்கத்தில் ஏதாவது நாள் உண்டா என்று கேட்கின்றோம். ஒரு நாளும் கிடையாது. அவன் வாசற்படி ஏறும்போதே திருஷ்டி சுற்றிப்போட்டு, “இனி யாரும் இதைப் பற்றிப் பேசக்கூடாது” என்று வாயைக் கட்டிவிடுகின்றார்கள். கேட்டால் பலன் பெறக்கூடியவனை ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றாயிருப்பவனுக்கு வருஷம் முழுவதும் சடங்கு நடக்கின்றது. இதைவிடத் தலைகீழான காரியம் வேறென்ன இருக்கக்கூடும்?

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும், மந்தாரக்குப்பத்திலும், சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் போய்க் குடியேறிய ஜனங்களிடையிலும் இப்படிப் பிழைத்து வந்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் “தீராத வயிற்றுவலி” என்பார்கள். பத்திரிகையைப் புரட்டினாலும் அதே வயிற்றுவலிதான். தமிழ்நாட்டு வயிற்றில் மாத்திரம் அப்படியென்ன வலி? கடன்காரன் வாசலில் வந்து நின்றதும் வயிற்றுவலி; வரதட்சணை பாக்கிக்காக மருமகள் பட்ட அடியும் வயிற்றுவலி; சாதி குறுக்கே நின்று பிரித்த காதலும் வயிற்றுவலி; வருஷக்கணக்கில் ஒப்பந்தக் கூலியாகவே இருந்து தலை நரைத்ததும் வயிற்றுவலி. இத்தனையையும் ஒரு வயிற்றில் போட்டு மூடிவிட்டால், வலிக்குக் காரணமானவர்கள் எல்லாரும் யோக்கியர்களாகிவிடுகின்றார்கள் அல்லவா? அதற்குத்தான் இந்த மூடிமறைப்பு.

மூடினாலும் கணக்கு மறையவில்லை. 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்று சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் கொடுத்திருக்கின்றது. இதில் தமிழ்நாட்டின் பங்கு 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாம்தான். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். இது செத்தவர்கள் கணக்கு. ஒருவர் இறந்தால், முயன்று பிழைத்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. ஒருமுறை முயன்று பிழைத்தவருக்கே பின்னொரு நாள் அதனால் சாவு நேரும் அபாயம் மற்றவர்களைவிட மிக அதிகம் என்பதும் வைத்தியர்கள் கண்ட உண்மை. ஆகவே அபாயம் எந்த வாசற்படியில் நிற்கின்றது என்பது நமக்கு முன்கூட்டியே தெரிகின்றது. தெரிந்தும் அந்த வாசற்படிக்கு நாம் போவதில்லை.

ஏன் போவதில்லை? மூன்று பூட்டுகள் போட்டு வைத்திருக்கின்றார்கள். ஒன்று பாவம், இரண்டு பேய், மூன்று குற்றம்.

முதலில் பாவத்தைப் பார்ப்போம். தற்கொலை மகாபாவம் என்று சொல்லும் இதே மதவாதிகள்தான், புருஷன் செத்தால் பெண்டாட்டியை உயிரோடு நெருப்பில் தள்ளி அதைப் புண்ணியம் என்று சொன்னவர்கள். 1829-இல் வெள்ளைக்கார சர்க்கார் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டியிருந்தது. தனக்கு வேண்டியபோது சாவைப் புண்ணியமென்றும், வேண்டாதபோது பாவமென்றும் சொல்லுகின்ற வாய்க்கு என்ன யோக்கியதை இருக்கின்றது? நம் புலவர்களும் இளைத்தவர்களல்ல. மானம் போனால் உயிரை விடுவதே மேன்மை என்று பாடிப் பாடி, பரீட்சையில் தோற்ற பையனும், கடன் கட்ட முடியாத தகப்பனும், வீட்டை விட்டுப் போன பெண்ணைப் பெற்றவளும் ஊரார் முகத்தில் விழிப்பதைவிடச் சாவது மேல் என்று நினைக்கும்படி செய்து வைத்திருக்கின்றார்கள். நாம் சொல்லும் சுயமரியாதை இதுவல்ல. அயலான் மெச்சினால் வாழ்வது, அயலான் சிரித்தால் சாவது என்பது பிறர் மரியாதையே தவிரச் சுயமரியாதை ஆகாது.

இரண்டாவது பேய். பிழைத்து வந்தவனுக்கு “ஏதோ பிடித்திருக்கின்றது” என்று மந்திரவாதியிடமோ, கோவிலுக்கோ, தர்காவுக்கோ, மாதா சந்நிதிக்கோ இழுத்துக்கொண்டு போகின்றார்கள். இந்த வியாபாரத்தில் எந்த மதமும் பின்வாங்கவில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந்தேதி நடந்ததை மறந்துவிட்டோமா? தர்கா தண்ணீரிலும் எண்ணெயிலும் குணமாகுமென்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, ஓடமுடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். நோயாளிக்கு வேண்டியது வைத்தியமும் மனித வார்த்தையும். நம் மூடநம்பிக்கை அவர்களுக்குக் கொடுத்தது சங்கிலி.

மூன்றாவது குற்றம். 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவனுக்கு ஒரு வருஷம் வரையில் சிறை அல்லது அபராதம் என்றது. வாழ முடியவில்லை என்று அழுதவனைப் பார்த்து, “அப்படியானால் ஜெயிலுக்கு வா” என்று சொன்ன விசித்திரம் இது! இந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்த இங்கிலீஷ்காரன் தன் நாட்டில் 1961-லேயே இதை ஒழித்துக்கொண்டான். நாமோ அவன் போன பிறகும் அவன் கழற்றிப்போட்ட விலங்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தோம். 2018 மே மாதம் அமுலுக்கு வந்த 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டந்தான், இப்படி முயன்றவர் கடுமையான மனவேதனையில் இருந்தவரென்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லை. சர்க்கார் உத்தியோகஸ்தரைக் கட்டாயப்படுத்துவதற்காக முயன்றால் மாத்திரம் தண்டனை என்று ஒரு வாலை விட்டுவைத்திருக்கின்றார்கள். அதைப் பற்றி வேறொரு சமயம் பேசுவோம். ஆனால் இன்றும் கிராமத்தில் “போலீஸ் கேஸ் ஆகிவிடும்” என்று பயந்து, ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் வீட்டு வைத்தியம் செய்து ஆளைச் சாகவிடுகின்றவர்கள் இருக்கின்றார்கள். தோழர்கள் இதை வீடு வீடாகச் சொல்லவேண்டும்: பிழைத்தவர் குற்றவாளி அல்ல.

அந்தச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு தண்டனையை நீக்கியதோடு நிற்கவில்லை. முயன்றவருக்கு வைத்தியமும், கவனிப்பும், மறுவாழ்வும் கொடுத்து, மறுபடியும் அப்படி நேராமல் பார்த்துக்கொள்வது சர்க்காரின் கடமை என்றும் சொல்லுகின்றது. ஆகவே நாம் இப்போது கேட்கப்போவது பிச்சையல்ல. சட்டத்தில் எழுதி வைத்த பாக்கி.

நிற்க, என்ன செய்யலாம் என்பதற்கு வெறும் யோசனை சொல்லவேண்டிய அவசியமில்லை. சென்னையிலேயே செய்து பார்த்த காரியம் இருக்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பேரில், சென்னை, கொழும்பு, பிரேஸிலில் காம்பினாஸ், ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங் ஆகிய ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மாத்திரம். மற்றப் பிரிவுக்கு அதோடு கூட, வீடு திரும்புவதற்கு முன் ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு ஒன்பது தடவை டெலிபோனிலோ நேரிலோ விசாரித்தார்கள். 1, 2, 4, 7, 11-ஆவது வாரங்கள். அப்புறம் 4, 6, 12, 18-ஆவது மாதங்கள். “எப்படி இருக்கின்றீர்கள்? ஏதாவது உதவி வேண்டுமா?” இவ்வளவுதான் அதன் சாரம்.

பதினெட்டு மாதம் முடிந்து, கடைசிவரையில் கணக்குக் கிடைத்தவர்களைப் பார்த்தபோது, விசாரிக்கப்படாத 827 பேரில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்ட 872 பேரில் 2 பேர். இந்த முடிவு 2008-இல் வெளியாயிற்று. தோழர்களே! பதினெட்டையும் இரண்டையும் நினைத்துப் பாருங்கள். எந்தக் கோவில் நேர்த்திக்கடனுக்காவது, எந்தத் தாயத்துக்காவது இப்படி இரண்டு பக்கமும் ஆளை எண்ணிக் கணக்குக் காட்ட முடியுமா?

பகுத்தறிவுக்காரன் தனக்குச் சாதகமான பாதியை மாத்திரம் சொல்லிவிட்டு ஓடக்கூடாது. அதே ஆராய்ச்சியில், பிழைத்தவர்கள் மறுபடி முயலுதல் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தது, சாவுதான் குறைந்தது. பிரான்சு தேசத்தின் வடபகுதியில் 13 ஆஸ்பத்திரிகளிலிருந்து வீடு திரும்பிய 605 பேரிடம் செய்த சோதனையில், ஒரு மாதம் கழித்து டாக்டர் டெலிபோனில் பேசியவர்களில் 100-க்கு 12 பேரும், பேசப்படாதவர்களில் 100-க்கு 22 பேரும் வருஷத்துக்குள் மறுபடி முயன்றதாகச் சொன்னார்கள். ஆனால் கூப்பிட்டும் கிடைக்காமல் போனவர்களையும் சேர்த்து எண்ணினால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகின்றது. இது 2006-இல் வெளியான கணக்கு. இதனால் நாம் தெரிந்துகொள்ளவேண்டியது, டெலிபோன் ஒரு மந்திரக்கோல் அல்ல என்பதும், ஆள் கையில் கிடைத்துப் பேசினால்தான் பலன் என்பதும் ஆகும். அந்த நாட்டார் இதைக் கண்டு சோர்ந்துவிடாமல், 2015-இல் வடபகுதியில் ஓர் ஏற்பாடாகத் தொடங்கி, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரப்பினார்கள்.

“நம் நாட்டில்தான் டெலிபோன் ஏற்பாடு இருக்கின்றதே” என்று சிலர் சொல்லலாம். இருப்பது உண்மை, அதைப் பாராட்டவும் செய்கின்றோம். லண்டனில் 1953-இல் சாட் வரா என்ற பாதிரியார் முதன்முதல் இதற்கென்று ஒரு டெலிபோனை வைத்தார். 1935-இல் அவர் நடத்திய முதல் சவ அடக்கம், பருவமடைந்ததன் அடையாளத்தைக் கெட்ட நோய் என்று எண்ணித் தன்னை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமியுடையது. உடம்பைப் பற்றிப் பெண்ணுக்கு இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுக்க வெட்கப்பட்ட சமூகம் அவளைக் கொன்றது. அவர் பாதிரியாராயிருந்தும், ஜெபத்தை நம்பிச் சும்மா இருக்காமல் டெலிபோனை வைத்ததே நமக்கு வேண்டிய பாடம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ‘சிநேகா’ ஸ்தாபனத்தைத் தொடங்கினார். மேலே சொன்ன ஐந்து ஊர் ஆராய்ச்சியில் சென்னை வேலையில் முன்னின்றவரும் அவரே. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண் இந்தியா முழுவதற்கும் வந்திருக்கின்றது. தமிழ்நாட்டு சர்க்கார் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயரிட்டிருக்கின்றது. 104-லும் பேசலாம்.

ஆனால் இவையெல்லாம் கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லும் டெலிபோன்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற பழமொழி போன்றது இந்த ஏற்பாடு. அழுவதற்கும் தெம்பில்லாத பிள்ளையை என்ன செய்வது? சாகத் துணிந்து பிழைத்து வந்தவன் வெட்கத்தாலும் களைப்பாலும் வாய் அடைத்து உட்கார்ந்திருக்கின்றான். எண்ணைத் தேடி, தன் கையால் அழுத்தி, முன்பின் தெரியாதவரிடம் “நான் இன்னான், எனக்கு இன்னது” என்று சொல்லும் தைரியம் அவனுக்கு அன்றைக்கு எங்கிருந்து வரும்? அந்தத் தைரியம் இருந்தால் அவன் இந்த நிலைக்கே வந்திருக்கமாட்டானே! ஆகையால் அவன் நம்மைக் கூப்பிடவேண்டும் என்று காத்திராமல், நாம் அவனைக் கூப்பிடவேண்டும் என்பதுதான் நம் அபிப்பிராயம். இந்த ஒன்றுதான் நாம் வற்புறுத்த வந்தது.

முடியுமா என்றால், முடியும் என்று சர்க்காரே செய்து காட்டியிருக்கின்றது. 2021-இல் நீட் பரீட்சை எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு மாணவர்களை, மனநல ஆலோசகர்களைக் கொண்டு டெலிபோனில் கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகள் கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. ஒரு பரீட்சைக்கு அத்தனை பேரைக் கூப்பிட முடிந்த கைக்கு, ஒரு மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்களைக் கூப்பிட முடியாதா? ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பது தடவைக்கு ஒன்றரை மணி நேரம். முதல் நாள் ஒருமணி நேரப் பேச்சையும் சேர்த்தால் இரண்டரை மணி. கருமாதிப் பந்தலில் இலை போட்டு எடுப்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகின்றது!

சில ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

“மறந்துபோனதை ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்? கேட்டால் மறுபடி அந்த எண்ணம் வருமே” என்கின்றார்கள். யார் மறந்துவிட்டது? வீட்டார் மறந்ததாகப் பாவனை செய்கின்றார்கள், அவன் மறக்கவில்லை. நேர்முகமாய் அன்போடு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைப்பதில்லை, மனபாரம் குறையவே செய்கின்றது என்பதே இந்த வேலையில் பழகினவர்கள் கண்டது.

“டெலிபோன் பேசினால் கடன் தீருமா?” என்கின்றார்கள். தீராதுதான். ஆனால் கந்துவட்டிக்காரன் மிரட்டுகின்றானா, புருஷன் அடிக்கின்றானா, குடி கெடுக்கின்றதா, சாதிக்காரர்கள் பயமுறுத்துகின்றார்களா என்பது வாய் திறந்தால்தானே வெளிவரும்? வெளிவந்தால் அதற்குச் சட்டமுண்டு, சங்கமுண்டு, வைத்தியமுண்டு, நாமும் இருக்கின்றோம். வயிற்றுவலி என்று மூடிவிட்டால் எதுவுமில்லை. சமூகத்தின் அக்கிரமத்தை ஒழிக்கும் வேலையை நாம் நிறுத்தப்போவதில்லை. ஆனால் அது ஒழியும் வரையில் ஆள் உயிரோடிருக்க வேண்டுமல்லவா?

நம் தோழர்களிலேயே சிலர், “உயிர் அவனவன் சொத்து. சுதந்திரம் பேசுகின்ற நாம் குறுக்கே போகலாமா?” என்கின்றார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாலு பக்கமும் அடைத்துவிட்டு ஐந்தாவது பக்கத்தைத் திறந்து வைத்தால், அதில் போகின்றவன் தன்னிஷ்டப்படி போனான் என்று சொல்லலாமா? அடைத்த கதவைத் திறந்து காட்டுவது சுதந்திரத்துக்கு விரோதமல்ல. டெலிபோன் யாரையும் கட்டிப்போடுவதில்லை. வேண்டாம் என்றால் அவன் வைத்துவிடலாம். அவன் சம்மதம் கேட்டே நம்பரை வாங்கவேண்டும் என்பதும் நம் அபிப்பிராயம்.

சம்மதத்தோடு இரகசியமும் வேண்டும். வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருந்து, அது புருஷன் சட்டைப்பையிலோ மாமியார் மடியிலோ இருந்தால், மருமகள் என்ன பேசுவாள்? அப்படிப்பட்ட இடத்துக்கு நர்சோ, கிராமச் செவிலியரோ நேரில்தான் போகவேண்டும். பேசுகின்றவர் உபதேசம் செய்யக்கூடாது, “உனக்கென்ன குறை? பெற்றவர்களை நினைத்தாயா?” என்று கண்டிக்கக்கூடாது. அதை அவன் வீட்டிலேயே வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. பேசவிட்டுக் கேட்பவர்தான் வேண்டும்.

இதை நெய்வேலிக்காரருக்கு விளங்கவைப்பது கஷ்டமல்ல. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஊற்றுநீர் பெரிய அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கின்றது. 1956-இல் கம்பெனி ஏற்பட்டு, 1961-இல் கரி வெளியே வந்ததிலிருந்து இன்றுவரையில், அந்தத் தண்ணீரைப் பம்பு வைத்து இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கத்தின் அடித்தளம் உடையாமல் நிற்கின்றது. “நேற்றே இறைத்தாயிற்றே, இன்று பம்பை நிறுத்திவிடலாம்” என்று எந்த இஞ்சினீயராவது சொல்லுவாரா? கண்ணுக்குத் தெரியாத அழுத்தம் என்று அலட்சியம் செய்வாரா? பூமிக்குள்ளிருக்கும் அழுத்தத்துக்கு இவ்வளவு கணக்கும் காவலும் வைக்கத் தெரிந்த ஊர், அந்தச் சுரங்கத்தில் இறங்கி ஏறும் மனிதன் நெஞ்சில் இருக்கும் அழுத்தத்துக்கு ஒரு நாள் ஊசி போட்டு, “வீட்டுக்குப் போ” என்றால் போதுமா?

ஆகவே நாம் கேட்பது இவை. என்.எல்.சி. ஆஸ்பத்திரியானாலும், கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி சர்க்கார் ஆஸ்பத்திரிகளானாலும், முயன்று பிழைத்தவர் வீடு திரும்புமுன் ஒருமணி நேரம் பேச ஓர் ஆள் இருக்கவேண்டும். அவர் சம்மதத்தோடு நம்பர் வாங்கி, இரகசியமான ஒரு புத்தகத்தில் ஒன்பது தேதிகளைக் குறித்து, தவறாமல் கூப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் ஆள் போகவேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலமே இதைச் செய்யலாம். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் கொடுத்த கிராமத்தான் என்ற பேதம் இதில் கூடாது. தொழிற்சங்கங்கள் போனஸ் கேட்கும் மனுவில் இதையும் ஒரு கோரிக்கையாக எழுதவேண்டும்.

சர்க்கார் செய்யும் வரையில் நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. தோழர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப் பிழைத்து வந்திருந்தால், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பிறகு மேலே சொன்ன ஒன்பது தேதிகளையும் உங்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் போய்க் கேளுங்கள். பதினோராவது வாரம், ஊரெல்லாம் மறந்துவிட்ட பிறகும், கூப்பிட்டுக் கேளுங்கள். அபாயம் அதிகமென்று கண்டால் தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இதை வாசிப்பவரில் அந்த நிலையில் இருப்பவர் யாராவது இருந்தால், அவருக்கும் சொல்லுகின்றோம்: உங்கள் மேல் பாவமும் இல்லை, பேயும் இல்லை, குற்றமும் இல்லை. 14416-இலோ, 104-இலோ, சென்னை சிநேகாவின் 044-24640050-இலோ பேசுங்கள். முடியாவிட்டால் பக்கத்திலிருக்கும் ஒருவரிடம் இந்தப் பத்திரிகையைக் காட்டிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பதினாறாம் நாளுக்குப் பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டுகின்ற ஜனங்களே! முதல் வாரத்திலேயே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், அந்தப் பதினாறாம் நாள் வராமலே போயிருக்கலாமே என்பதை யோசித்துப் பாருங்கள்.